காகித அலங்காரம் பள்ளிக்கூட வேலைபோலத் தோன்றாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

கைத்திறன் அதிகம் இல்லாத ஒருவர், வீட்டில் வெறுமையாக இருக்கும் சுவருக்கும் அலுவலகத்தில் தம் மேசைக்கும் காகிதத்தாலேயே எளிய அலங்காரங்கள் செய்ய விரும்புகிறார். அவை குழந்தைகள் செய்த வேலைபோலத் தோன்றக் கூடாது, சில மாதங்களாவது தாங்க வேண்டும், எந்த வடிவத்திலிருந்து தொடங்கலாம் என்பது அவருடைய கேள்வி. பல ஆண்டுகளாகக் காகிதத்தை மடித்தும் வெட்டியும் பிறருக்குக் கற்றுக்கொடுத்தும் வருகிறேன். எந்த வடிவம் என்பதைவிட எந்தத் தாள் என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மிக எளிய விசிறி மடிப்புகூட நல்ல தாளில், கூரான மடிப்போடு, ஒன்றிரண்டு நிறங்களுக்குள் அடங்கி, பல முறை திரும்ப வரும்போது தேர்ந்த வடிவமைப்பாளரின் வேலைபோல நிற்கும். கடினமான வடிவத்தை மெல்லிய பளபளப்புத் தாளில் ஏழெட்டு நிறங்களில் செய்தால், எவ்வளவு உழைத்திருந்தாலும் அது பள்ளிக்கூட வேலையாகத்தான் தெரியும்.

தாளின் கனத்தை ஜி.எஸ்.எம். என்று சொல்கிறோம், ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் எடை என்பதே அந்த எண். நகலெடுக்கப் பயன்படும் சாதாரண ஏ4 தாள் பெரும்பாலும் 80 ஜி.எஸ்.எம். உள்ளது. ஒரு சதுர மீட்டரைப் பதினாறு பங்காக்கினால் ஓர் ஏ4 தாள் கிடைக்கும் என்பதால், அதன் எடை ஏறத்தாழ 5 கிராம். பல அடுக்காக மடிக்கும் உருவங்களுக்கு 60 முதல் 80 வரை உள்ள தாள் ஏற்றது. விசிறிபோல மடித்து வட்டமாக விரிக்கும் விசிறி வட்டங்களுக்கும் சிறு பெட்டிகளுக்கும் 100 முதல் 120 வரை போதும். தாங்கி நிற்க வேண்டிய பெரிய பெட்டிக்கும் சட்டகத்துக்கும் 200க்கு மேற்பட்ட அட்டை வேண்டும். தொடக்கநிலையில் உள்ளவர்கள் கைக்குக் கிடைத்த சார்ட் அட்டையில் எல்லாவற்றையும் செய்யப் பார்க்கிறார்கள். அது மடிப்புக்கு மிகவும் தடிப்பு, தாங்குவதற்கு மிகவும் மெலிவு. நிறத்தாள் வாங்கும்போது அதன் ஓரத்தைச் சிறிது கிழித்துப் பாருங்கள். கிழிந்த இடத்தில் உட்பகுதியும் அதே நிறமாக இருந்தால் அது கூழிலேயே நிறம் சேர்த்த தாள். உள்ளே வெள்ளை தெரிந்தால் நிறம் மேற்பரப்பில் மட்டுமே பூசப்பட்டிருக்கிறது. மடித்த ஒவ்வொரு கோட்டிலும் அந்த வெள்ளை எட்டிப் பார்க்கும்.

பலர் அறியாத இன்னொரு செய்தி தாளின் நாரோட்டம். ஆலையில் தாள் உருவாகும்போது நார்கள் பெரும்பாலும் இயந்திரம் ஓடும் திசையிலேயே படிந்துவிடுகின்றன. அந்தத் திசைக்கு இணையாக மடித்தால் மடிப்பு நேராகவும் வழுவழுப்பாகவும் விழும்; குறுக்காக மடித்தால் கனத்த தாளில் கோடு வெடித்து நார் பிசிறும். தாளை மடிக்காமல் இரு ஓரங்களையும் சேர்த்து மெதுவாக வளைத்து, உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள்; பிறகு அதே தாளை மற்ற திசையில் வளைத்துப் பாருங்கள். எந்தத் திசையில் எதிர்ப்புக் குறைவாக இருக்கிறதோ, அந்த மடிப்புக்கு இணையாக நார் ஓடுகிறது என்று பொருள். அரை நிமிடம்கூட ஆகாத இந்தச் சோதனை, பிசிறிய மடிப்புகளில் பாதியைத் தவிர்த்துவிடும்.

கருவிகள் குறைவாகவே போதும். இரும்பு ஸ்கேல், புது அலகு பொருத்திய கட்டர் கத்தி, கத்தரிக்கோல், அடியில் வைக்க வெட்டும் பாய் அல்லது பழைய தடித்த அட்டை, வெள்ளைப் பசை, இரட்டைப் பக்க ஒட்டுநாடா ஆகியவை இருந்தால் இங்கே சொல்லும் எல்லாவற்றையும் செய்துவிடலாம். மை தீர்ந்த பந்துமுனைப் பேனாவைத் தூக்கி எறியாதீர்கள். ஸ்கேலை ஒட்டி அதன் முனையால் ஒரு கோடு அழுத்தி இழுத்துவிட்டு மடித்தால், 250 ஜி.எஸ்.எம். அட்டையும் சொன்னபடி கேட்கும். மடித்த பிறகு அந்தக் கோட்டை நகத்தால் அல்லாமல் கரண்டிக் காம்பின் பின்புறத்தால் ஒருமுறை தேய்த்துவிடுங்கள். நகம் பளபளப்பான தழும்பு விடும், கரண்டி விடாது.

முதலில் செய்ய வேண்டியது விசிறி வட்டம் என்றே எல்லோருக்கும் பரிந்துரைக்கிறேன். சுவரில் மிகப் பெரிய மாற்றத்தை மிகக் குறைந்த திறமையில் தருவது அதுதான். ஆனால் முதல்முறை செய்கிறவர்களில் பலர் வட்டம் மூடாமல் பாதியில் கைவிடுகிறார்கள். இதற்குக் காரணம் கைத்திறன் குறைவு அன்று, அளவுதான். விசிறியாக மடிக்கும் நீண்ட தாள் பட்டையின் அகலமே வட்டத்தின் ஆரமாக மாறுகிறது. வட்டத்தின் சுற்றளவோ ஆரத்தைப்போல ஏறத்தாழ 6.3 மடங்கு. பட்டையின் நீளம் அகலத்தைப்போல ஆறு மடங்குதான் என்றால், மடிப்புகளை முழுவதும் தட்டையாக்கினாலும் இரு முனைகளும் சேராது. மடிப்பின் மேடும் பள்ளமும் அழகாக நிற்க வேண்டுமானால் நீளம் அகலத்தைப்போல ஏழு அல்லது எட்டு மடங்கு இருக்க வேண்டும்.

இதை ஏ4 தாளில் செய்யும் முறையைச் சொல்கிறேன். 120 ஜி.எஸ்.எம். தாளை நீளவாக்கில் இரண்டாக வெட்டினால் 10.5 செ.மீ. அகலமும் 29.7 செ.மீ. நீளமும் உள்ள இரண்டு பட்டைகள் கிடைக்கும். ஒரு வட்டத்துக்கு இப்படிப்பட்ட மூன்று பட்டைகள் வேண்டும். அதாவது ஒன்றரைத் தாள். ஒவ்வொரு பட்டையையும் நடுவில் மடித்துப் பிரியுங்கள். இரு ஓரங்களையும் நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்து மடித்துப் பிரியுங்கள். இப்படி ஒவ்வொரு பகுதியையும் பாதியாக்கிக்கொண்டே போனால், ஸ்கேலைத் தொடாமலேயே பதினாறு சமக் கட்டங்கள் வந்துவிடும். எல்லாவற்றையும் சேர்த்து வைத்து ஒரேயடியாக மடித்தால் தாளின் தடிப்பு கூடிக் கோடுகள் நகர்ந்துவிடும் என்பதால், ஒவ்வொரு முறையும் பிரித்துப் பிரித்தே மடிக்க வேண்டும். பிறகு கோடுகளை மேடு, பள்ளம், மேடு, பள்ளம் என்று மாற்றி மாற்றி விசிறியாக்குங்கள்.

இப்போது ஒவ்வொரு பட்டையிலும் ஒரு கட்டத்தை வெட்டிப் பதினைந்தாக்கிக்கொள்ளுங்கள். இது தேவையற்ற வேலைபோலத் தோன்றும். ஆனால் கட்டங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால்தான் பட்டையின் இரு முனைக் கட்டங்களும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். அப்போதுதான் ஒரு பட்டையின் கடைசிக் கட்டமும் அடுத்ததன் முதல் கட்டமும் ஒன்றன்மேல் ஒன்று கச்சிதமாகப் படியும். இணைத்த இடமும் கண்ணுக்குத் தெரியாது. மூன்றையும் ஒட்டி வளையமாக்கினால் 42 கட்டங்கள் கொண்ட, ஏறத்தாழ 78 செ.மீ. சுற்றுள்ள ஒரு கிரீடம் கையில் இருக்கும். அதை மேசையில் நிறுத்தி, மேல் ஓரத்தை இரு உள்ளங்கைகளாலும் உள்நோக்கித் தள்ளிக்கொண்டே மெதுவாகக் கீழே அழுத்துங்கள். ஒரு நிலையில் அது தானாகவே மலர்ந்து தட்டையாக விழும். விழுந்தவுடன் கையை எடுத்தால் கிண்ணம்போல மீண்டும் எழும்பும். அதனால் நடுவை ஒரு விரலால் அழுத்தியபடி, முன்கூட்டியே வெட்டிவைத்த 4 செ.மீ. அட்டை வட்டத்தில் பசை தடவி முன்புறம் ஒட்டி, அதன்மேல் ஒரு கனமான புத்தகத்தை ஏற்றி இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். மறுநாள் பின்புறமும் ஒரு வட்டத்தை ஒட்டினால் 21 செ.மீ. குறுக்களவுள்ள, ஆடாத அசையாத விசிறி வட்டம் தயார்.

பெரும்பாலான ஏ4 தாள்களில் நார் நீளவாக்கில் ஓடுவதால், மேலே சொன்ன முறையில் மடிப்பு நாருக்குக் குறுக்கே விழுகிறது. 120 வரை இது பாதிக்காது. அதைவிடக் கனத்த தாளானால், தாளைக் குறுக்கே இரண்டாக வெட்டி, 21 செ.மீ. நீளமும் 14.8 செ.மீ. அகலமும் உள்ள ஆறு துண்டுகளை இதே முறையில் பதினைந்து கட்டங்களாக்கி இணையுங்கள். மடிப்பு நாரோடு ஓடும்; வட்டமும் 30 செ.மீ. அளவுக்குப் பெரிதாகும்.

சுவரில் வைக்கும்போது ஒரே அளவில் பத்து வட்டங்களை வரிசையாக ஒட்டுவதைவிட, மூன்று அளவுகளில் ஏழு அல்லது ஒன்பது வட்டங்களை ஒன்றையொன்று சற்று மறைக்கும்படி நெருக்கமாக வைப்பது நன்றாக இருக்கும். முதலில் தரையில் அடுக்கிப் பார்த்து, கைப்பேசியில் படம் எடுத்து, அதைச் சிறிதாக்கிப் பாருங்கள். எந்தப் பக்கம் கனம் கூடியிருக்கிறது என்பது சிறிய படத்தில் உடனே புலப்படும். நிறங்களைப் பொறுத்தவரை, சுவரின் நிறத்தையே இரண்டு மூன்று சாயல்களில் எடுத்துக்கொண்டு, ஒரே ஒரு வட்டத்துக்கு மட்டும் மாறுபட்ட நிறம் தருவது எனக்குப் பிடித்த வழி. வெள்ளைச் சுவரில் முழுக்க வெள்ளை வட்டங்களை வைத்து, பக்கவாட்டில் சன்னல் வெளிச்சம் விழச் செய்தால், காலையும் மாலையும் நிழல் மாறி மாறி விழுவதே அலங்காரமாகிவிடும்.

வெட்டி ஒட்டும் வேலையில் விருப்பம் உள்ளவர்கள் மேரி டெலானியை அறிந்திருக்க வேண்டும். 1700இல் பிறந்த இந்த இங்கிலாந்துப் பெண்மணி, எழுபதைக் கடந்த வயதில்தான் காகிதத்தை நுண்ணிய துண்டுகளாக வெட்டி மலர்ச்செடிகளை உருவாக்கத் தொடங்கினார். பார்வை மங்கும்வரை, சுமார் பத்து ஆண்டுகளில், அவர் செய்தவை ஏறத்தாழ ஆயிரம். அவை இன்றும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அவருடைய வேலையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது கறுப்புப் பின்னணி. ஒவ்வொரு செடியும் அடர்கறுப்பின் மீது ஒட்டப்பட்டிருப்பதால், மெல்லிய வெளிர்பச்சைத் தண்டுகூடத் தெளிவாக எழுந்து நிற்கிறது. ஒரே ஒரு கிளை, அதில் ஐந்தாறு இலைகள், பச்சையில் மூன்று சாயல்கள், மங்கலான கறுப்புத் தாள், கண்ணாடி போட்ட எளிய சட்டகம் ஆகியவை போதும். ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும். இலையை வரைந்து வெட்டாமல், உண்மையான இலை ஒன்றை மேசையில் வைத்துப் பார்த்தபடியே நேரடியாக வெட்டுங்கள். வெட்டும்போது கத்தரிக்கோலைத் திருப்பாமல் தாளைத் திருப்ப வேண்டும். வளைவுகள் உடையாமல் வருவதற்கு அதுவே வழி.

நடுவில் பசை தடவி, இலைகளின் நுனிகளை ஒட்டாமல் விட்டுவிடுவதும் முக்கியம். ஒட்டாத நுனியின் கீழ் விழும் அந்தச் சிறு நிழல்தான் படத்துக்கும் காகித வேலைக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டுகிறது.

எதையும் வெட்டாமல் ஒட்டாமல் ஒரே தாளில் சட்டகத்துக்கு ஏற்ற ஒன்று வேண்டுமானால் மியூரா மடிப்பைக் கற்றுக்கொள்ளுங்கள். ஜப்பானிய வானூர்தி அறிவியலாளர் கோரியோ மியூரா வகுத்த இந்த மடிப்பு, 1995இல் ஏவப்பட்ட ஜப்பானியச் செயற்கைக்கோள் ஒன்றில் சூரியத் தகட்டை மடித்து விரிக்கப் பயன்பட்டது. தாளை ஒற்றைப்படை எண்ணிக்கையில் விசிறியாக மடித்து ஒரு பட்டையாக்கி, அந்தப் பட்டையை நேர்க்குறுக்காக மடிக்காமல் சற்றே சாய்வாக, முன்னும் பின்னும் வளைந்து செல்லும்படி மடிக்க வேண்டும். பிறகு முழுவதும் பிரித்து, முதலில் மடித்த கோடுகளை ஒவ்வொரு கட்டத்திலும் மேடு பள்ளமாக மாற்றி மாற்றி மடித்துத் திருத்த வேண்டும். இந்தத் திருத்தம்தான் பொறுமையைக் கேட்கும் பகுதி. முடிந்ததும் எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுத்தால் தாள் முழுவதும் ஒரே அசைவில் விரியும், தள்ளினால் ஒரே அசைவில் சுருங்கும். வெள்ளைத் தாளில் செய்து பாதி விரிந்த நிலையில் ஆழமான சட்டகத்துக்குள் வைத்தால் அலுவலக அறைக்கும் பொருத்தமாக இருக்கும்.

அலுவலக மேசைக்கு அலங்காரம் மட்டும் செய்யும் பொருளைவிட வேலை செய்யும் பொருளையே பரிந்துரைப்பேன். இதற்கு ஜப்பானியரின் ‘மசு’ என்னும் சதுர மடிப்புப் பெட்டியைவிடச் சிறந்ததை நான் இதுவரை காணவில்லை. ஏ4 தாளிலிருந்து வெட்டிய 21 செ.மீ. சதுரத்தை இரு பக்கவாட்டிலும் நடுவில் மடித்துப் பிரித்து மையத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நான்கு மூலைகளையும் மையத்துக்குக் கொண்டுவந்து மடியுங்கள். அப்போது கிடைக்கும் சிறிய சதுரத்தின் எதிரெதிர் ஓரங்களை நடுக்கோட்டுக்கு மடித்துப் பிரியுங்கள். மற்ற இரு ஓரங்களுக்கும் அப்படியே செய்யுங்கள். பிறகு எதிரெதிராக உள்ள இரண்டு மூலைகளை மட்டும் முழுவதும் விரித்து, விரிக்காத பக்கங்களைச் சுவராக நிறுத்தி, விரித்த பகுதியை அவற்றின்மேல் உள்ளே மடித்துவிட்டால் பெட்டி பூட்டிக்கொள்ளும். பசை தேவையில்லை. அடிப்பாகம் ஏறத்தாழ 7.4 செ.மீ., உயரம் அதில் பாதி. மேசை இழுப்பறையில் இப்படி ஆறு பெட்டிகளை ஒட்டி ஒட்டி அடுக்கினால் கிளிப், ஊசி, அழிப்பான், சிறு குறிப்புத்தாள் எல்லாவற்றுக்கும் தனித்தனி அறை கிடைத்துவிடும். மூடி வேண்டுமானால், அடிப்பெட்டியின் சதுரத்தை மூடியின் சதுரத்தைவிட அரை செ.மீ. சிறிதாக வெட்டிக்கொண்டால் போதும். பெட்டிகளை வெளிர்சாம்பல் நிறத்திலும் மூடிகளை ஒரே அடர்நிறத்திலும் செய்து பாருங்கள்.

மேசைமேல் அழகுக்காக ஒன்று வேண்டும் என்பவர்களுக்குச் சதுரத் தாளை மடித்துச் செய்யும் சோனோபே துண்டு இருக்கிறது. ஜப்பானிய மடிப்புக் கலைஞர் மிட்சுனோபு சோனோபேயின் பெயரால் வழங்கும் இந்தத் துண்டில் இரண்டு பைகளும் இரண்டு நாக்குகளும் உண்டு. ஒன்றின் நாக்கு அடுத்ததன் பைக்குள் நுழையும். ஆறு துண்டுகள் ஒரு கனசதுரமாகும், பன்னிரண்டு ஒரு சிறு நட்சத்திர உருவமாகும், முப்பது ஒரு முள்ளுருண்டையாகும். 7.5 செ.மீ. சதுரங்களில் முப்பது மடித்தால் ஏறத்தாழ 9 செ.மீ. குறுக்களவுள்ள உருண்டை வரும். துண்டு மடிப்பது எளிது. முப்பதையும் கோப்பதில் கடைசி ஐந்துதான் கடினம். எல்லாத் துண்டுகளும் ஒரே திசையில் மடிந்திருக்க வேண்டும், கண்ணாடியில் பார்ப்பதுபோல் ஒன்று மாறியிருந்தாலும் அது பொருந்தாது. குவில்லிங் என்னும் காகிதச் சுருள் வேலையும் அழகானதே. ஆனால் அது மிகுந்த நேரத்தைக் கேட்பதால், முதல் முயற்சிக்கு ஒரு பெயரின் முதலெழுத்தை மட்டும் 3 மி.மீ. பட்டைகளால் நிரப்பிப் பார்த்துவிட்டு மேலே செல்லலாம்.

இணையத்தில் கிடைக்கும் வடிவங்களைப் படிப்பதற்கு இரண்டு குறிகளைத் தெரிந்துகொண்டால் மொழியே தேவைப்படாது. சிறு கோடுகளால் ஆன கோடு பள்ள மடிப்பைக் குறிக்கும். கோடும் புள்ளியும் மாறி மாறி வருவது மேட்டு மடிப்பைக் குறிக்கும். இந்தக் குறியீட்டு முறைக்கு அடித்தளமிட்டவர், ஓரிகாமி என்னும் ஜப்பானியக் காகித மடிப்பைக் கலையாக உயர்த்திய அகிரா யோஷிசாவா (1911–2005). அச்சிட்டு வெட்டும் மாதிரிகளை எடுக்கும்போது, அச்சு அமைப்பில் பக்கத்துக்குப் பொருத்தும் தேர்வை நீக்கிவிட்டு 100 விழுக்காடு அளவில் அச்சிடுங்கள். அந்தத் தேர்வை நீக்காமல் அச்சிட்டால் பெட்டிக்கும் மூடிக்கும் தனித்தனி அளவு வந்து ஒன்றோடொன்று சேராமல் போகலாம். மாதிரியை உருவாக்கியவர் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று குறிப்பிட்டிருந்தால், செய்ததை விற்கக் கூடாது.

இனித் தாங்கும் காலத்தைப் பற்றி. நேர் வெயில் விழும் சுவரில் நிறத்தாள் வெளுத்துவிடும். செய்தித்தாள் வகைக் காகிதமோ அதில் உள்ள லிக்னின் என்னும் மரப்பொருள் காரணமாகச் சில நாட்களிலேயே மஞ்சளாகும். நீண்ட காலம் வைக்க வேண்டியவற்றுக்கு அமிலமற்ற தாள் என்று குறிப்பிட்டதை வாங்குங்கள். காகிதம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி விரியும், உலர்ந்தால் சுருங்கும். குளியலறை, சமையலறை அருகே தொங்கவிட்டவை தளர்ந்து தொய்வது இதனால்தான். ஒருமுறை ஓர் அலுவலக வரவேற்பறையில் இருபதுக்கும் மேற்பட்ட விசிறி வட்டங்களை நூலில் தொங்கவிட்டோம். குளிர்சாதனத்தின் காற்று நேராகப் படும் இடம் என்பதைக் கவனிக்கவில்லை. வட்டங்கள் ஓயாமல் சுழன்று, நூல் முறுக்கேறி, ஒரு வாரத்தில் பாதி கீழே விழுந்துவிட்டன. அன்றிலிருந்து தொங்கவிடும் எதற்கும் இரண்டு நூல்கள் கட்டுகிறேன். காற்று அடித்தாலும் சுழலாது. சுவர்ப் பூச்சு உரியாமல் இருக்க, வண்ணம் பூசுவோர் பயன்படுத்தும் எளிதில் உரியும் ஒட்டுநாடாவை முதலில் சுவரில் ஒட்டி, அதன்மேல் இரட்டைப் பக்க நாடாவை ஒட்டுங்கள்.

விளக்கின் மேல் காகித மூடி போட விரும்பினால் அதிகம் சூடேறாத எல்.இ.டி. விளக்கை மட்டுமே பயன்படுத்த வேண்டும், அதற்கும் காகிதத்துக்கும் இடையே கையளவு இடைவெளி இருக்க வேண்டும். மெழுகுவத்தியின் அருகே காகித அலங்காரம் கூடவே கூடாது. அலுவலகத்தில் புகை உணரும் கருவி, நீர்தெளிக்கும் முனை, வெளியேறும் வழிப்பலகை ஆகியவற்றை மறைக்கும்படி எதையும் தொங்கவிடாதீர்கள்.

தூசியைத் துணியால் துடைத்தால் மடிப்புகள் நசுங்கும். மென்மையான அகலத் தூரிகையால் நடுவிலிருந்து வெளிநோக்கித் தட்டிவிடுங்கள், அல்லது முடி உலர்த்தும் கருவியைக் குளிர்காற்றில் வைத்துத் தொலைவிலிருந்து ஊதுங்கள். கழற்றி எடுத்து வைக்க வேண்டிவரும்போது, விசிறி வட்டங்களுக்கு இடையில் ஒவ்வொரு வெள்ளைத்தாள் வைத்துத் தட்டையான பெட்டியில் படுக்கையாக அடுக்குங்கள். சோனோபே உருண்டையை முப்பது துண்டுகளாகப் பிரித்து ஒரு மசு பெட்டிக்குள்ளேயே அடுக்கி வைத்துவிடலாம், அடுத்த முறை கோக்க அரைமணி நேரம் போதும்.